மூன்று குளிர்காலம் பார்த்த தீனிப்பெட்டி

கேமரா வைத்த பறவைத் தீனிப்பெட்டி பாதி விலைக்கு வந்துவிட்டதே, வாங்கலாமா என்று அலுவலக நண்பர் கேட்டார். அவரும் என்னைப் போல சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர். இங்கே மாட்டிவிடாதீர்கள் என்றேன் முதலில். 2020 ஜூனில் சட்டம் இறுகியபின் சிங்கப்பூரில் காட்டுப் பறவைக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். புறாவும் அதில் சேர்த்தி. என்னுடைய பெட்டி டொராண்டோவில், அக்கா வீட்டுக் கொல்லையில் தொங்குகிறது.

அங்கே காலை எட்டு என்றால் குளிர்காலத்தில் இங்கே யீஷூனில், என் வீட்டில், இரவு ஒன்பது. தட்டைக் கழுவும்போது பெட்டி அனுப்பும் படத்தோடு கைபேசி சிணுங்கும். கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடி, குளிரில் பந்தாய் உப்பிய உடம்பு: சிக்கடி என்ற சின்னப் பறவை. படத்தின் தெளிவில் குறையே சொல்ல முடியாது. அலகில் ஒட்டிய பனித்துகள்கூடத் தெரியும்.

எரிச்சல், வரும் பறவைகளைப் பெட்டி தானே எண்ணிச் சொல்லும் கணக்கில்தான். சிக்கடி பெட்டியில் உட்கார்ந்து தின்னாது. ஒரு சூரியகாந்தி விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போய், காலிடுக்கில் பிடித்துக் கொத்தி உடைத்துத் தின்றுவிட்டு மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் இந்தக் கருவிக்கு அது புது விருந்தாளி. ஜனவரியில் ஒரு நாள் 143 சிக்கடி என்றது. அக்காவின் நோட்டில் அன்றைக்கு 6.

அக்கா எண்ணுவது ஃபீடர்வாட்ச் முறையில். தீனிப்பெட்டிக்கு வரும் பறவைகளை வீட்டுக்காரர்களே எண்ணும் கணக்கெடுப்பு அது; கனடாவின் ஒண்டாரியோவில் 1976-ல் தொடங்கி, பின்னர் வட அமெரிக்கா முழுவதும் பரவியது. ஒரே நேரத்தில் கண்ணில் படும் அதிகபட்ச எண்ணிக்கையை மட்டுமே எழுத வேண்டும். வந்ததே திரும்பி வந்தாலும் கணக்கு ஏறாது.

இந்தக் குளிர்காலத்தில் "வரத்து பாதியாகிவிட்டது" என்று பெட்டி சிவப்புக் கோடு போட்டு அனுப்பியது. பதறிப்போய் அக்காவை அழைத்தேன். "அதே ஆறும் வருகிறது தம்பி, உன் பெட்டிதான் செத்துக் கிடக்கிறது" என்றார். குளிரில் பேட்டரி படுத்து, பாதி நாள் தூங்கியிருக்கிறது. அது பார்க்காத பறவை, வராத பறவை! பேட்டரி மாற்றிய செலவும் என் தலையில்.

1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. அக்கா கொல்லைக்கு வரும் ஜங்கோ என்ற சிறு பறவையும் அந்தப் பட்டியலில் உண்டு. நிஜமாகவே குறைவது எது, குறையாதது எது என்று கருவிக்குத் தெரியவில்லையே என்றுதான் கோபம் வருகிறது. பைன் சிஸ்கின் என்ற இன்னொரு சிறு பறவை முந்தைய ஆண்டு கூட்டமாக வந்தது, இந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. அது வடக்கே ஊசியிலைக் காட்டில் விதை விளைச்சலைப் பொறுத்தது. கருவிக்கு எல்லாம் ஒரே சிவப்புக் கோடு. ஜங்கோ தரையில் சிந்தியதைப் பொறுக்கும் பறவை, கேமராவுக்குள் வருவதே இல்லை. மூன்று வருடமாக அதற்குப் பூச்சியம்.

நண்பரிடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவே பாதி விலையில் இன்னொன்று வாங்கி அக்கா முகவரிக்கு அனுப்பினேன். இதைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும், ஜங்கோவுக்கு.