நசாவு ஆளுநர் மாளிகையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கோல்ஃப் கடிதம்: வாங்க நினைப்போருக்கு எச்சரிக்கை

முடி துறந்த பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்ட் கையொப்பமிட்ட, கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றிய தட்டச்சுக் கடிதம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒன்றை, இங்கிலாந்தில் இணையவழிக் கடை நடத்தும் ஒரு வியாபாரியிடம் 600 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினேன். அது போலி. அவர் அதே வகைக் கடிதங்களை இன்னமும் விற்றுக்கொண்டிருப்பதால், பழைய கோல்ஃப் ஆவணங்களைச் சேகரிப்பவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

எட்வர்டின் கையொப்பம் அபூர்வமானதன்று. இளவரசராகவும், 1936 டிசம்பரில் அரியணையைத் துறந்தபின் வின்ட்சர் கோமகனாகவும், 1972இல் இறக்கும்வரை அவர் ஏராளமான கடிதங்களில் கையொப்பமிட்டிருக்கிறார். ஆனால் நன்றி தெரிவிக்கும் சாதாரணக் கடிதத்துக்கும் கோல்ஃபைப் பற்றிப் பேசும் கடிதத்துக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. அவர் அந்த ஆட்டத்தில் பித்துக் கொண்டவர். 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்குக் கேப்டனாக இருந்தவர். ஆகவே கோல்ஃப் சேகரிப்பாளர்கள், அரச குடும்ப ஆவணங்களைச் சேர்ப்பவர்கள் ஆகிய இரு தரப்பினரும் இத்தகைய கடிதத்துக்குப் போட்டி போடுகிறார்கள். போலி செய்பவருக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு வந்த கடிதம் கண்ணாடிச் சட்டத்தில் போடப்பட்டு, பின்புறம் முழுவதும் பழுப்புத் தாள் ஒட்டி மூடப்பட்டிருந்தது. தலைப்பில் பஹாமாஸ் தீவுகளின் ஆளுநர் மாளிகை, நசாவு என்ற முகவரி இருந்தது. கிளப் செயலாளர் ஒருவர் அனுப்பிய மட்டைகளுக்கு நன்றி கூறி, தீவின் காற்றில் பந்தை நேராக அடிப்பது கடினம் என்று இரண்டு வரி சொல்லி, 'எட்வர்ட்' என்று முடிந்திருந்தது. விற்பனைப் பக்கத்தில் கையொப்பத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டியிருந்தார்கள். தேதி இருக்கவேண்டிய மேல்மூலை சட்டத்தின் உள் அட்டைக்கு அடியில் மறைந்திருந்தது. விவரக் குறிப்போ '1940களின் தொடக்கம்' என்று பொதுவாகச் சொன்னது. சட்டத்தைப் பிரித்த பிறகுதான் 1940 ஜூலை என்ற தேதி கண்ணில் பட்டது.

1940 ஜூலையில் கோமகன் நசாவுவில் இல்லை. பிரான்ஸ் வீழ்ந்தபின் ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகலுக்கு வந்து, லிஸ்பனுக்கு அருகில் உள்ள கஷ்காய்ஸில் தங்கியிருந்தார். பஹாமாஸ் ஆளுநர் பதவி அவருக்கு வந்ததே அந்த மாதத்தில்தான். ஆகஸ்ட் 1 அன்று கப்பலேறி, ஆகஸ்ட் 17 அன்று நசாவு சேர்ந்தார். அப்படிச் சேர்ந்த பிறகும் மாளிகையைப் பழுதுபார்க்க வேண்டியிருந்ததால், அவரும் மனைவியும் சில நாட்களிலேயே அதை விட்டு வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். எந்த வாழ்க்கை வரலாற்று நூலிலும் கிடைக்கக்கூடிய தகவல்கள் இவை.

இதை எழுதிக் கேட்டபோது, தட்டச்சு செய்தவர் மாதத்தைத் தவறாக அடித்திருக்கலாம் என்று வியாபாரி பதிலளித்தார். அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் காகிதம் ஏற்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து தாளில் மோதிப் பதிவதால் பின்பக்கத்தை விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். இதன் பின்பக்கமோ வழவழப்பாக இருந்தது. பேனா மை தாளின் இழைகளுக்குள் ஊறிச் சற்றே பரவும். இந்தக் கையொப்பமோ உருப்பெருக்கியில் பார்த்தபோது, எழுத்துகளைப் போலவே, தாளின் மேல் படிந்த லேசர் அச்சுத் தூளாகத் தெரிந்தது. புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீல வெண்மையாகப் பளிச்சிட்டது. அப்படி ஒளிரச் செய்யும் வேதிப்பொருளைக் காகித ஆலைகள் சேர்க்கத் தொடங்கியது ஏறத்தாழ 1950இல்தான்.

கையொப்பத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து யாரும் நிறைவடைந்துவிட வேண்டாம். இளவரசராக இருந்தவரை 'எட்வர்ட் பி.' (பி. என்பது பிரின்ஸ்), மன்னராக இருந்த ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில் 'எட்வர்ட் ஆர்.ஐ.' (மன்னர், பேரரசர் என்பவற்றின் லத்தீன் சுருக்கம்), அதன்பின் 'எட்வர்ட்' என்று அவர் எழுதிய முறை மாறியதைப் போலி செய்தவர் சரியாகவே அறிந்து வைத்திருக்கிறார். உண்மையான ஒரு கையொப்பத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டால் வடிவம் சரியாகத்தானே இருக்கும்?

கடிதத்தோடு ஒரு சான்றிதழும் வந்தது. ஹோலோகிராம் முத்திரை, பதிவு எண், 'வாழ்நாள் உத்தரவாதம்' எல்லாம் அதில் இருந்தன. வழங்கியவர் அதே வியாபாரி. சந்தேகம் எழுந்தால் இறுதி முடிவு சொல்பவரும் அவரே நியமிக்கும் நிபுணர். தேர்வைத் தானே எழுதித் தானே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. கடிதம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எந்த ஏலத்தில் எந்த எண்ணில் விற்றது என்ற விவரம் ஒரு வரிகூட இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஏழு நாட்களுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றும், சட்டத்தைப் பிரித்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்றும் எழுதினார். பிரிட்டனில் வியாபாரியிடம் ஏலத்தின் மூலமாக அன்றி நிலையான விலைக்கு இணையத்தில் வாங்கும் பொருளை, காரணம் சொல்லாமலே ரத்து செய்யப் பொதுவாக 14 நாள் அவகாசம் உண்டு. பொருள் விவரக் குறிப்புக்குப் பொருந்தாவிட்டால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுத் தொகையையும் கேட்கலாம். கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள பொருளுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு வங்கியையும் பொறுப்பாக்குகிறது. நான் அந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பித்திருக்கிறேன், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

முறையிட்ட பிறகு, விற்பனைப் பக்கத்தில் 'கையொப்பமிட்ட' என்பது 'கோமகனுடையதாகக் கருதப்படும் கையொப்பம் கொண்ட' என்று மாறிவிட்டது. பழைய வாசகத்தை நான் படம் பிடித்து வைத்திருந்ததால் வங்கிக்கு அனுப்ப முடிந்தது. வாங்கும் நாளிலேயே பக்கம் முழுவதையும் படமாகச் சேமித்து வையுங்கள்.

இப்போது அவருடைய கடையில் வேறொரு கிளப்புக்கு எழுதியதாகச் சொல்லப்படும் இன்னொரு கோல்ஃப் கடிதம் விற்பனைக்கு இருக்கிறது. அதன் கையொப்பத்தை என்னுடையதன் மீது வைத்துப் பார்த்தேன். கோட்டின் சாய்வும் கடைசி எழுத்தின் வால் நீளமும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. எவரும் இருமுறை அப்படிக் கையொப்பமிட முடியாது. இந்த வியாபாரியிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், என் கடிதத்தின் ஸ்கேன் படத்தை உரிய அளவில் அனுப்பித் தருகிறேன்.