இ-பேர்ட் செயலி: ஒரு வருசம் பாவித்த பிறகு

இலங்கை மலைநாட்டில் போகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. விடியற்காலையில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் பறவை பார்ப்பேன். முன்பெல்லாம் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். இப்போது, கண்ட பறவைகளைப் பதியும் இ-பேர்ட் செயலியில் போடுகிறேன். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய வேலை இது. காசு கட்டத் தேவையில்லை. சிக்னல் இல்லாத மலையிலும் எழுதி வைத்து, டவுனுக்கு இறங்கும்போது அனுப்பலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அது கேட்கும் கேள்விகள்தான். எத்தனை நிமிசம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை பேர் போனீர்கள்? கடைசியில், அடையாளம் கண்டதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதினீர்களா?

முதலில் தொல்லையாகப் பட்டது. அப்புறம் ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுப் பக்கம் நிற்கும்போது விளங்கியது. வெறுமனே 18 கிலோ என்று எழுதினால் என்ன தெரியும்? எந்த மலை, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம், மழையா வெயிலா, முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் வேலையா அரை நாளா) என்று தெரிந்தால்தானே இரண்டு பேரின் கொழுந்தை ஒப்பிட முடியும்! பறவைக்கும் அதே கணக்குத்தான்.

ஒன்று விடாமல் எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாத பறவையும் தகவல் ஆகிறது. ஆனால் காணாதது வேறு, இல்லாதது வேறு. ஆறுமணிக்குருவி பற்றைக்குள் மறைந்திருக்கும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கத்தினால்தான் இருப்பது தெரியும். பத்து மணிக்குப் போனவருக்கு அது கிடைக்காததில் பெரிய செய்தி இல்லை. காலை ஆறு மணிக்குக் காத்து நின்றவருக்கும் கிடைக்கவில்லை என்றால் அது செய்தி. நேரம், தூரம், செய்மதிப் படத்தில் தெரியும் காடு, தோட்டம், தண்ணீர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, பல இனங்கள் எங்கே எவ்வளவு இருக்கும் என்று வருசத்தின் 52 வாரத்துக்கும் ஆய்வகத்தார் வரைபடம் தருகிறார்கள்.

பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போகிறார்கள். பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்கிறது, போகத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பட்டியலையும் அப்படியே கூட்டினால் மலைநாடு முழுக்கப் பூங்கா மாதிரித் தெரியும். அதனால் ஒரே இடத்தில் குவிந்தவற்றில் சிலதை மட்டும் எடுத்துக் கணக்கிடுகிறார்கள். நல்ல முறை. பட்டியலே வராத தோட்டத்தை மட்டும் அக்கம்பக்கத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சரிபார்ப்பும் உண்டு. ஆற்றோரம் சத்தத்தை மட்டும் கேட்டு, இலங்கைக்கே உரிய சீகாரப் பூங்குருவி என்று ஒருமுறை போட்டுவிட்டேன். சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் மரியாதையாக விவரம் கேட்டு எழுதினார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மாற்றிவிட்டேன்.

ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி வரத் தொடங்கிவிடும். மஸ்கெலியா, டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் நின்று பாருங்கள். கத்தாவிட்டாலும் அன்று கண்ட மற்றப் பறவைகளை எழுதி, பட்டியலை அனுப்பிவிடுங்கள்.