தாம்பரம் வண்டியில் மூன்று வருடக் கக்குரோ

சுடோக்கு அலுத்துப்போன சமயத்தில்தான் கக்குரோ என்ற எண் புதிர் கையில் சிக்கியது. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம். முன்பு வைத்திருந்தவர் நாலே புதிரோடு கைவிட்டிருந்தார். மூன்று வருடமாகக் காலையில் தாம்பரத்தில் ஏறிக் கிண்டியில் இறங்கும்வரை எனக்கு அதுதான் துணை. இரண்டு முறை இறங்க மறந்து, அடுத்த நிலையமான சைதாப்பேட்டை வரை போய்த் திரும்பியும் இருக்கிறேன்.

பார்க்கக் குறுக்கெழுத்து மாதிரிதான். எழுத்துக்குப் பதில் 1 முதல் 9 வரை எண்கள், குறிப்புக்குப் பதில் கூட்டுத்தொகை. ஒரு தொகைக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது, அவ்வளவுதான் விதி. 1960-களில் அமெரிக்கப் புதிர் இதழ்களில் வந்த ஆட்டம் இது. பெயர் மட்டும் ஜப்பானில் வைத்தது: ‘கசன்’ என்றால் கூட்டல், ‘குரோசு’ அவர்கள் வாயில் கிராஸ்.

குறுக்கே இரண்டு கட்டத்துக்கு 17 என்றால் 8, 9 தவிர வழியில்லை. அதை வெட்டி நெடுக்கே இறங்கும் இரண்டு கட்டத்துக்கு 16 என்றால் 7, 9. சந்திக்கும் கட்டத்தில் 9 உட்கார்ந்தே ஆகவேண்டும். முதல் மாதம் இதற்கே விரல்விட்டு எண்ணினேன். இப்போது மூன்று கட்டத்துக்கு 23 என்றதும் 6, 8, 9 வாய்ப்பாடு மாதிரி வந்து விழுகிறது. எட்டுக் கட்ட வரிசையைக் கண்டால் முன்பெல்லாம் பயம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. தொகை 38 என்று இருந்தால் விடுபட்டது 7, மற்ற எல்லாம் உள்ளே. இது பிடிபட்ட பிறகு நீள வரிசையைத்தான் முதலில் தேடுகிறேன்.

நடுவில் ஆறு மாதம் ஒரு செயலியிலும் ஆடினேன். தப்பாகப் போட்டதுமே சிவப்பு காட்டும். நாலு எண்ணைத் தட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும், அப்புறம் யார் யோசிப்பார்கள்? ஒருநாள் கடைசி நாலு கட்டம் பாக்கி. குறுக்கிலும் நெடுக்கிலும் மிச்சம் 11. ஒரு மூலையில் 5, 6 எதைப் போட்டாலும் கணக்கு சரியாக வந்தது. நான் போட்டதைச் செயலி தப்பு என்றது. ஒரே விடைதான் இருக்கவேண்டும் என்பது இந்தப் புதிரின் உயிர். அதைக் கோட்டைவிட்டுவிட்டு என்னைத் தப்பு என்கிறதே என்று அன்றே அழித்துவிட்டேன்.

புத்தகத்திலும் குறை உண்டு. தாள் மெலிசு, மூன்றாவது அழிப்பில் கிழிகிறது. மைக்ரோ டிப் பென்சில் வேண்டாம், வண்டி குலுக்கலில் முனை ஒடியும். சாதாப் பென்சிலே போதும்.