குருணையா, தெளிப்பா, வேப்பமுத்தா? தவளை முட்டையை வைத்து ஒரு கணக்கு

மேலூர்ப் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒருபோக நெல் வயல். கால்வாயில் தண்ணீர் வந்து நடவு முடிந்து, ஐப்பசி மழை பிடிக்கிற நேரத்தில் தண்டைத் துளைக்கிற குருத்துப்பூச்சி வரும். தவளை முட்டையிடுவதும் அதே நாட்களில்தான். இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை, மூன்று வருடத்துக்கு முன்பு வரை.

அந்த வருடம் பூச்சிக்குக் குருணை மருந்து போட்ட மூன்றாம் நாள், வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாமடை ஓரம் குனிந்து பார்த்தேன். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத தலைப்பிரட்டைகள், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. பாதிக்கு வால் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. விரலால் தண்ணீரைத் தொட்டால் விலகி ஓடாமல் இருந்த இடத்திலேயே சுற்றின.

பூச்சியைக் கட்டுப்படுத்துவதில் எது கெட்டி என்பது எல்லோருக்கும் தெரியும். கார்டாப் குருணை, குளோர்பைரிபாஸ் தெளிப்பு, அதற்கு அப்புறம்தான் வேப்பமுத்துக் கரைசல். செலவும் உரக்கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும். நான் பார்த்தது வேறு: மருந்து எவ்வளவு தண்ணீரில் இறங்குகிறது, எத்தனை நாள் அங்கே நிற்கிறது?

தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. வழவழப்பான கூழ் உறைதான், தண்ணீர் தாராளமாக உள்ளே போய்வரும். அந்தக் கூழ் கருவை ஓரளவு காக்கும் என்பதும் உண்மை. நம்ம ஊர் வெயிலில் ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடுகிறது. உறையை விட்டு வந்து, செவுள் வெளியே தொங்க, புல்லில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் நாட்கள்தான் ஆபத்து. குருணைக்கோ வயலில் தண்ணீர் கட்டியிருக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் வடிக்கவும் கூடாது. ஆக மருந்து நிற்கிற நாளும் குஞ்சு பொரிக்கிற நாளும் அச்சாகப் பொருந்திப்போகின்றன. கார்டாப் பட்ட மீன் கருக்களில் முதுகுத்தண்டுக்கு முன்னோடியான நாண் அலை அலையாக நெளிந்துபோவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். தவளைக் கருவிலும் அதே நாண் உண்டு.

குளோர்பைரிபாஸ் வேலை செய்யும் விதம் வேறு. நரம்பு தசைக்குச் சொன்ன சேதியை அழிக்கிற நொதியை அது முடக்கிவிடும். தசை இழுத்தது இழுத்தபடி நிற்கும், இளம் வால் வளையும். ஆனால் இதை இலையில் அடிக்கிறோம். பயிர் தூர் கட்டி மூடியபின் அடித்தால் தண்ணீரில் விழுவது குறைவு. நட்டு இருபது நாளில் அடித்தால் பாதி நேராகத் தண்ணீருக்குத்தான். அந்த வகையில் குருணையைவிட ஒரு படி மேல் என்பேன், அவ்வளவுதான்.

இரண்டு போகமாக நான் அடிப்பது வேப்பமுத்து. தோல் நீக்கிய பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிய வேண்டும். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ. ஆடியிலேயே பொறுக்கி நிழலில் காயவைக்காவிட்டால் பூசணம் பிடித்துவிடும். எங்கள் அப்பத்தா இல்லையென்றால் இந்த வேலை ஓடாது. இதன் சரக்கு வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். மாலையில் அடிக்கச் சொல்வது அதனால்தான், எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

வேம்பு என்பதால் தண்ணீரில் கொட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கெட்டியாக இறங்கினால் மீனும் தலைப்பிரட்டையும் சாகும். ஒட்டுவதற்குச் சேர்க்கிற சோப்பிலும் கவனம் வேண்டும். களைக்கொல்லி கிளைபோசேட்டில், மருந்தைவிட அதோடு கலந்த சோப்பு மாதிரியான பொருள்தான் தலைப்பிரட்டைக்கு அதிகக் கெடுதல் என்று தெரியவந்தது. நான் காதி சோப்பைக் கொஞ்சமாகத்தான் கரைக்கிறேன். அப்புறம், தண்டுக்குள் போய்விட்ட புழுவை வேம்பு ஒன்றும் செய்யாது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு நன்றாகக் கேட்கிறது. குருத்துப்பூச்சிக்கு, என் இரண்டு போக அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

தண்ணீரை வடித்துவிட்டு அடித்தால் என்ன? நானும் செய்தேன். முட்டை சேற்றில் ஒட்டிக் காய்ந்தது. இப்போது தண்ணீர் நுழைகிற மேட்டு மூலையில் ஒரு குழி வெட்டி, முட்டைப் படலத்தை மக்கில் அள்ளி அதில் விடுகிறேன். அங்கே எதுவும் அடிப்பதில்லை. பெருமழைக்குப் பிறகு ஒரு வாரம் மருந்தடிக்கிற டேங்கைத் தூக்குவதும் இல்லை.

பக்கத்து வயல் மாமா சிரித்தார்: "ஏன் மாப்ள, வெள்ளாமை பாக்குறியா, தவளை வளக்குறியா?"

"மழை நேரத்துல அடிச்சா மருந்து கழுவிட்டுத்தானே போகுது மாமா" என்றேன். தவளைக்கு மசியாதவர் அதற்குத் தலையாட்டினார்.

குருணைப் பையைத் தூக்கி எறியவில்லை, கொட்டத்துப் பரணில் கிடக்கிறது. நூறு தூருக்குப் பத்தில் நடுக்குருத்து காய்ந்தால் போட்டாக வேண்டும் என்பது வேளாண் துறைக் கணக்கு. போன போகம் ஆறு வரை எண்ணினேன்.