ஆத்திசூடியா, ஸ்டார் அட்டையா, வீட்டு வேலையா: பிள்ளைக்குப் பண்பு எதில் படியும்?

வேலூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லித்தர மூன்று வழிகளைப் பார்க்கிறோம். ஆத்திசூடி, குறள் என்று மனப்பாடம் செய்யவைப்பது ஒன்று. நல்லது செய்தால் ஸ்டார் ஒட்டி, பத்து சேர்ந்ததும் பரிசு கொடுப்பது இன்னொன்று. வீட்டில் ஒரு வேலையைப் பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது மூன்றாவது. இதைப் பலர் பண்புப் பாடமாகவே நினைப்பதில்லை. ஆனால் எங்கள் பார்வையில் முதலிடம் இதற்குத்தான்.

மனப்பாடத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. நான்கு வயதில் சின்னச் சின்ன வரிகள் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், வந்தவர்கள் முன் 'இயல்வது கரவேல்' (கொடுக்க முடிந்ததை ஒளிக்காதே) என்று ஒப்பிக்கிற பிள்ளை, தம்பி கேட்டால் மக்கன் பேடாவை முதுகுக்குப் பின்னால் மறைக்கும். வரி ஒரு நேரத்திலும் பங்கு போடுவது வேறு நேரத்திலும் நடப்பதால், இரண்டையும் பிள்ளை சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆகவே வாரத்துக்கு ஒரே வரி போதும். தின்பண்டம் பிரிக்கும்போது அதைச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை பிட்டால் மற்றது முதலில் எடுக்கட்டும். திட்டும்போது மட்டும் அந்த வரியை இழுக்காதீர்கள், வரியே வெறுத்துப்போகும்.

ஸ்டார் அட்டை பல் துலக்குவது, செருப்பை ஓரமாக விடுவது போன்றவற்றுக்கு நன்றாகவே உதவும். ஒரு பழக்கம், மூன்று வாரம். பிறகு ஸ்டாரை இடைவெளி விட்டுக் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். உதவி செய்வதற்கு மட்டும் ஸ்டார் வேண்டவே வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உதவிக்குப் பொருள் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு பெறாத குழந்தைகளைவிடப் பின்னர் குறைவாகவே உதவினார்கள். பாட்டிக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்துவிட்டு "இதுக்கு எத்தனை ஸ்டார்?" என்று பிள்ளை கேட்டால், அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி வேலை. ஐந்து வயதுக்கு ஏற்றது, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. வேலூர் வெயிலில் இதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது. எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, "வாங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தளும்ப ஊற்றினால் நடுவீட்டில் சிந்தும். சிந்தியதற்குத் திட்டினால் மறுநாள் பிள்ளை வராது. துணியைக் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னாலே போதும்.

பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. மாமா வந்தால் "வாங்க", சிலிண்டர் போட வந்தவரிடம் "இங்க வைப்பா" என்று பெரியவர்களே பேசினால், மரியாதை ஆளைப் பார்த்துக் கொடுப்பது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். குப்பை வாங்க வரும் அம்மாவுக்கும் அதே டம்ளர், அதே "வாங்க". இந்த ஒன்றை வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

பத்து வயதானால் தெருவுக்கு வரலாம். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் இந்த ஊரில் எப்போதும் இருக்கிறார்கள். வழி கேட்டால் அவர்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்காமல், நின்று, கையைக் காட்டிச் சொல்லப் பழக்குங்கள். தெரியாவிட்டால் பக்கத்துக் கடைக்காரரைக் காட்டட்டும். கூடவே நடந்து போகக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

அடியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. பள்ளியில் அதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. வீட்டில் அடி கற்றுத்தருவது மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான்.

வேலைப் பொறுப்பு பரீட்சை நேரத்தில்தான் பெரும்பாலும் உடைகிறது. "நீ படி, தண்ணிய நான் தர்றேன்" என்றதும், அது உண்மையான வேலை இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஒரு நிமிஷம்தான். முழுப் பரீட்சைக்கு முந்தின நாளும் அதைப் பிள்ளையே கொடுக்கட்டும்.