ஏப்ரலில் யெல்லோஸ்டோன் பேக்கேஜா? சேலத்துக்காரங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

முழுப்பரீட்சை நெருங்குகிறது. சேலத்தில் அமெரிக்கா டூர் நோட்டீஸ்கள் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அதில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா என்று இருந்தால், முதலில் தேதியைப் பாருங்கள்.

போன வருடம் நாங்கள் ஏப்ரல் கடைசியில் போனோம். நான், கணவர், பிள்ளைகள், அத்தை. ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்க வேண்டும் என்பது மகளுடைய ஆசை. உலகத்தில் அப்படிப்பட்ட ஊற்றுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு பார்க்கில்தான் இருக்கின்றன. 1872-ல் அறிவிக்கப்பட்ட பழைய தேசியப் பூங்கா.

"ஜாக்சன்ல ரூம் மேடம். அங்கிருந்து பார்க் நாப்பது நிமிஷம். இங்க ஊருக்குள்ள தங்கிட்டு ஏற்காடு போயிட்டு வர்ற மாதிரிதான்" என்றார் ஏஜென்ட். இன்னொரு ராத்திரிக்குப் பார்க்குக்கு உள்ளேயே 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் அல்லது அதற்கு நிகரான விடுதி' என்று அச்சடித்துக் கொடுத்தார். யெல்லோஸ்டோன் ஏரியில் படகு சவாரி. பைசன் என்கிற காட்டெருமைக்குப் பக்கத்தில் நின்று குடும்பப் படம். படகு இல்லாமல் இவர்களுக்கு ஒரு டூரும் முழுமையாகாது போல.

அங்கே வேன் ஓட்டுநர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்ததுமே கதை தெரிந்துவிட்டது. தெற்கு வாசல் மூடியிருக்கிறது. பனி காரணமாக யெல்லோஸ்டோனின் பெரும்பாலான சாலைகள் நவம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காருக்குத் திறப்பதில்லை. பிறகும் ஒரேயடியாகத் திறக்க மாட்டார்கள். மேற்கு வாசல் வழக்கமாக ஏப்ரல் மூன்றாம் வெள்ளி, கிழக்கு வாசல் மே முதல் வாரம், தெற்கு வாசல் மே இரண்டாம் வெள்ளி. வருடம் முழுக்கத் திறந்திருப்பது வடக்கு வாசலிலிருந்து வடகிழக்கு வாசல் வரை போகும் சாலை மட்டும்தான். ஜாக்சனோ பார்க்குக்குத் தெற்கே இருக்கிறது.

அதனால் டீட்டன் கணவாய் ஏறி இறங்கி, ஐடஹோ மாநிலத்துக்குள் புகுந்து, மேற்கு வாசல் வரை ஒரு பெரிய சுற்று. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற பெரிய ஊற்றுக்குப் போய்ச் சேர ஒரு பக்கமே ஏறக்குறைய 250 கி.மீ. தெற்கு வாசல் திறந்திருந்தால்கூட 150 கி.மீ.க்குக் குறையாது. அந்த 'நாப்பது நிமிஷம்' எந்தக் கணக்கு என்று இன்றுவரை தெரியவில்லை. அத்தைக்கு வழியெல்லாம் வாந்தி.

அதைவிட ஆத்திரம் வந்தது, தாளில் ஓல்ட் ஃபெய்த்ஃபுலுக்கு எழுதியிருந்த நேரத்தைப் பார்த்து. அரை மணி நேரம்! அந்த ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பீறிடும். அடுத்தது எப்போது என்று பக்கத்திலேயே பார்வையாளர் மையத்தில் எழுதி வைக்கிறார்கள். பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். நாங்கள் இறங்கியபோது ஒன்று முடிந்து ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. தாள்படி கிளம்பியிருந்தால் அவ்வளவு தூரம் போயும் ஈரத் தரையைப் பார்த்துவிட்டு வந்திருப்போம். கணவர் ஓட்டுநரிடம் பேசி, காத்திருந்தோம். நூறு அடிக்கு மேல் எழும்பியது. மகள் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். காத்திருந்ததிலேயே நேரம் போய்விட்டதால், வேறு ஊற்று எதையும் நின்று பார்க்க முடியவில்லை.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் 1904-ல் கட்டிய மரக் கட்டடம், அழகுதான். வெளியிலிருந்து பார்த்தோம். மே மாதம்தான் திறப்பார்களாம். 'அதற்கு நிகரானது' ஐடஹோவில் நெடுஞ்சாலையோர மோட்டல். ஏரிக்குப் போகும் சாலையே மூடல். திறந்திருந்தாலும் அந்த மாதத்தில் ஏரி பனிக்கட்டி. பைசனிடமிருந்து 23 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பார்க் சட்டம், அதனால் அந்தக் குடும்பப் படமும் வெறும் பேச்சு.

திரும்பி வந்து கேட்டதற்கு "சீசன் அப்படி மேடம், இயற்கையை நாம என்ன பண்ண முடியும்" என்றார் ஏஜென்ட். சாலை திறக்கும் தேதிகளைத் தேசியப் பூங்கா சேவை தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மாதத்தில் ஜாக்சனில் ரூம் மலிவு, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே பிடிக்கும் வரி) என்று தனியாக வசூலித்தார்கள். அதை ஏஜென்சி நம் பான் எண்ணில் கட்டினால், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். எங்கள் படிவத்தில் ஒரு பைசா இல்லை. வெளிநாட்டு டூர் போய்வந்தவர்கள் இன்றைக்கே ஆடிட்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம், பலனில்லை. இப்போது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். ஏப்ரலில் ஜாக்சன் ரூம் போட்டுக் கொடுத்த தாள் வேறு யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள், வக்கீல் கேட்டிருக்கிறார்.