டிவிடி ரைட்டரில் பிழையில்லை, ஸ்டிக்கரில்தான் பிழை

மட்டக்களப்பு களுவாஞ்சிகுடி நண்பன் கேட்டிருந்தான்: "மச்சான், உன்ட யூஎஸ்பி டிவிடி ரைட்டர் இன்னும் ஓடுதா? என்டது சீடிய விழுங்கிற்று, திறக்குதில்ல. எறியவா?" எறியாதே என்று உடனே பதில் போட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது நன்றாகவே ஓடுகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, தட்டை இழுத்தால் லென்ஸும் மோட்டாரும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடுவது. பெரிய கம்பியூட்டர் பெட்டிக்குள் இருக்கும் டிரைவில் லென்ஸ் உள்ளேயே நின்றுவிடும். டிரைவின் உறையைக் கழற்றினால்தான் கண்ணில் படும். தட்டே இல்லாமல் சீடியை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை இன்னும் மோசம், ஸ்டிக்கர் பசை உள்ளே இழுக்கும் உருளையில் ஒட்டினால் கைவைக்க வழியில்லை. இதுவோ மேசையில் வைத்தே துடைக்கலாம்.

ஆனால் ஏன் இத்தனை தடவை துடைக்க வேண்டியிருக்கிறது? கலியாண வீட்டு சீடிகளில் ஒட்டும் தாள் ஸ்டிக்கரால்தான். மாப்பிள்ளை பொம்பிளை படத்தோடு பார்க்க வடிவாகத்தான் இருக்கும். வாவிக்கரை ஈரத்தில் அந்தத் தாள் ஊதும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பசை இளகும். அதற்குமேல் டிரைவின் சூடு வேறு. 24 எக்ஸ், அதாவது 24 மடங்கு வேகத்தில் சீடி நிமிடத்துக்கு 5000 சுற்றுக்குக் கிட்டச் சுழலும்போது, ஓரம் கிளம்பிய தாள் டிரைவின் மேல்தகட்டில் உரசிக் கிழிகிறது. பசை நூல் நூலாக இழுபட்டு, சீடியின் துளை உட்காரும் நடுக்குமிழில் சுற்றிக்கொள்கிறது. அங்கே சீடியைக் கவ்வும் மூன்று சின்னப் பிடிகளில் ஒன்றில் பசை ஏறினாலும் போதும், சீடி மட்டமாக உட்காராது. டிஸ்க் இல்லை என்று கம்பியூட்டர் சொல்லும். லென்ஸ் போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

துடைக்கும் முறை இதுதான். முதலில் யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட வேண்டும். சீடி படிக்கும் 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே மின்சாரம் இருக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. முன்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராக உள்ளே தள்ளினால் பூட்டு விடும். தாள் துண்டுகளைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோலைச் சற்றே நனைத்துக் குமிழிலுள்ள பசையில் கொஞ்ச நேரம் பிடித்தால் இளகும். பிறகு பல்குத்தும் குச்சியால் உருட்டி எடுக்கலாம். சொட்டவிடக் கூடாது, மோட்டாருக்குள் இறங்கினால் அங்குள்ள எண்ணெயைக் கழுவிவிடும்.

லென்ஸ் கடைசியில். உளுந்து அளவுதான் இருக்கும், மயிரிழைக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டு அமுக்கினால் கம்பி வளைந்துவிடும். கமெரா துடைக்கும் ரப்பர் பம்பால் தூசியை ஊதிவிட்டு, புதுப் பஞ்சுக்குச்சியின் ஈர நுனியால் பாரம் கொடுக்காமல் ஒரு சுற்று, காய்ந்த நுனியால் இன்னொரு சுற்று. காயும்வரை தட்டைத் திறந்தே விடுங்கள்.

நெயில் பொலிஷ் ரிமூவர் வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸைப் புகை படர்ந்ததுபோல் ஆக்கிவிடும். கை சனிட்டைசரில் கிளிசரின் இருக்கும், அது படலமாகப் படியும். பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் சில வகைகளில் எண்ணெய் கலந்திருக்கும். இங்கே ஒரு கடையில் என்னுடைய டிரைவுக்குள் தூரிகை வைத்த கிளீனிங் சீடியைப் போட்டு ஓட்டினார்கள். தூசிக்கு அது சரி. பசை இருக்கும் டிரைவில் அந்தத் தூரிகை பசையை லென்ஸில் பூசிவிட்டது. அதற்குக் காசும் வாங்கினார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

இன்னொன்று, பாதி கிளம்பிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். சீடியில் தகவல் இருக்கும் படலம் ஸ்டிக்கர் பக்கத்தில், மெல்லிய அரக்குக்குக் கீழேதான் இருக்கிறது. உரித்தால் அந்தப் படலமும் கூடவே வந்துவிடும். தொங்கும் ஓரத்தை மட்டும் கத்தரித்து, வேகத்தைக் குறைத்து, ஒரே முறையில் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். 2004 கடல்கோளில் அல்பங்கள் எல்லாம் போன வீடுகள் நம் கரையோரத்தில் எத்தனை! வெளியூரில் இருந்த ஒரு சீடியில்தான் அம்மாவின் முகம் மிஞ்சியிருக்கிறது என்றால், அதை ஒரு ஸ்டிக்கருக்காக இழக்க முடியுமா?

சரி, முடிவு. இந்த டிரைவில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் விலை இறங்கியிருக்கிறது என்று இன்னொன்று வாங்கச் சொல்ல மனமில்லை. இருப்பதைத் துடைத்து, வீட்டிலுள்ள சீடிகளை நகல் எடுத்து முடியுங்கள். ஸ்டூடியோக்காரர்களே, சீடியில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதித் தாருங்கள், அல்லது மேலே நேரடியாக அச்சடிக்கக்கூடிய சீடியில் படத்தைப் போட்டுத் தாருங்கள். அதுவரை இந்த டிரைவ் என்ன, எந்த டிரைவுக்கும் நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்க மாட்டேன்.